மேலே நின்ற நோட்டு

அன்றைக்கு அந்த ஹோட்டல் ஹாலில் இருந்தவர்கள் ஆறு பேர். புரொபசர் துரைசாமி, அதாவது எங்கள் மாஸ்டர். அவருடைய கோட்டைத் தைத்தவளும், மேடையில் அவருக்குப் பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்பவளுமான நான். ஹோட்டல் மேனேஜர். மேனேஜரின் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. சமையல்காரர் ஜேக்கப். ஆறாவது ஆள் கிளாவரை ஊர்க்காரர் பொன்னுச்சாமி. கிச்சனுக்கு மலைப்பூண்டு மூட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வந்து உட்கார்ந்தவர். ரூம்பாய்கள் இரண்டு பேரும் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். நான் எண்ணினேன், ஆறு பேர்தான். எத்தனை ஜோடிக் கண் இருக்கிறது என்று தெரியாமல் மேடையில் எனக்குக் கை ஓடாது.

நம் மேஜிக் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, புது ஐட்டம் எப்படி உண்டாகிறது என்று மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். இப்போது பெட்டி கூரியரில் வருகிறது, எப்படிச் செய்வது என்று வீடியோவும் கூடவே வருகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் கிடைத்திருந்தால் நாங்களும் வாங்கியிருப்போம். கிடைக்கவில்லை, அதனால் உண்டாக்கினோம். மலர் மெம்பர்களுக்கு மட்டும்தான் போகும், அட்டையிலேயே அப்படி அச்சடிப்போம் என்று சொன்னார்கள். அடிப்பார்களா என்று தெரியவில்லை. மாஸ்டரிடம் போனில் கேட்டேன். பழனியில் மகனோடு இருக்கிறார். "எழுது, ஆனா கோட்டுக் கை மடிப்பை மட்டும் எழுதாதே. பையன் இன்னும் அதைப் போட்டுக்கிட்டு இருக்கான்" என்றார். அதனால் அதை எழுதவில்லை.

என்னைப் பற்றி நாலு வரி. அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மிஷன் தையல் வகுப்பில் இரண்டு வருஷம் படித்து, கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் ஒரு அறையில் மிஷின் போட்டு உட்கார்ந்தேன். ஒருநாள் மாஸ்டர் ஒரு கறுப்புக் கோட்டோடு வந்து, உள்ளே ஒரு பை வேண்டும், ஆனால் பை இருப்பது கோட்டுக்கே தெரியக்கூடாது என்றார். அந்தப் பையைத் தைக்க மூன்று நாள் ஆனது. கை உள்ளே போகும்போது தோள் அசைந்தால் என்ன செய்வது, பித்தான் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கோட்டை வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் வந்து, சம்பளத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். போன வருஷம் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண் மங்கும்வரை அந்தச் சம்பளம்தான். கடைசி ஆறு வருஷம் அவர் மகனிடம்.

மாஸ்டருக்குத் திறமையான கை. ஆனால் புது ஐட்டம் அவர் கையிலிருந்து வந்ததை நான் பார்த்ததில்லை. அவர் என் தையல் அறைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பார்க்கிறவனுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை மட்டும் சொல்வார். "வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட ஒரே வரியில சொல்லணும் ராணி. ரெண்டு வரி ஆச்சுன்னா அவன் மறந்துருவான்." வாங்கின ரூபாய் நோட்டு அந்தரத்தில் நின்றது. அது ஒரு வரி. அதற்குப் பிறகு என் வேலை.

என் வேலை பயப்படுவது. ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். ஒரு பக்கத்துக்கு மேலே ஐட்டத்தின் பெயரை எழுதி, கீழே என்னவெல்லாம் கெட்டுப்போகும் என்று வரிசையாக எழுதுவேன். மாஸ்டர் அதைப் பயப் புஸ்தகம் என்பார். கேலிதான், ஆனால் அந்தப் புத்தகம் இல்லாமல் ஒத்திகைக்கு உட்கார மாட்டார். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்து, செய்து பார்த்து, சரியானால் கோடு போட்டு அடிப்போம். ஒரு வரிக்கு ஒருநாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். பக்கம் முழுக்க அடித்த பிறகு, பேசாமல் நாற்பது தடவை, பேசிக்கொண்டே நாற்பது தடவை. அப்புறம் வித்தை என்றாலே பிடிக்காத ஒரு ஆளுக்குக் காட்ட வேண்டும். எங்களுக்கு அந்த ஆள் என் அம்மா. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு பார்ப்பார். கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டால் ஐட்டம் பாஸ்.

கொடைக்கானலில் பயத்துக்குப் பஞ்சமில்லை. மதுரையில் வழுக்கிக்கொண்டு ஓடும் சீட்டுக்கட்டு இங்கே ஈரம் குடித்து இரண்டிரண்டாக ஒட்டும். பெட்டியின் ரகசியக் கதவு ஆடி மாசத்தில் உப்பிக்கொள்ளும். ஒரு தடவை சிவப்புக் கைக்குட்டையின் சாயம் வெள்ளைக் கைக்குட்டையில் இறங்கிவிட்டது. நான் அழுதேன். மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைச் சனங்க முன்னாடியே எறக்குனா எப்படி இருக்கும்?" என்றார். எட்டு வருஷம் அந்த ஐட்டம் ஓடியது.

அவருடைய குணத்தில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எனக்கு மரியாதை கொடுப்பார். 'ராணி, இங்க வா' என்பவர், 'இங்க வாங்க' என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். இன்னொன்று, பார்க்க வந்தவரிடம் இரவல் வாங்கிய பொருள் அவர் கைக்கே திரும்பிப் போனால்தான் ஐட்டம் முடிந்தது என்று கணக்கு. கைதட்டு வந்தாலும் சரி, அதற்கு முன்னால் முடியவில்லை. மோதிரம், வாட்ச், நோட்டு எதுவானாலும் உடையவரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுத்தான் தலை குனிந்து வணங்குவார்.

நோட்டு ஐட்டத்துக்கு நாலு மாசம் பிடித்தது. அந்த வருஷம் ஹோட்டல்காரர்கள் சீசனுக்குப் பாட்டுப் பெட்டிக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஹோட்டல். சித்திரை வைகாசி இரண்டு மாசம் தினமும் சாயந்திரம் ஷோ, அந்தக் காசில்தான் மீதிப் பத்து மாசம் அவர் வீட்டிலும் என் வீட்டிலும் அடுப்பு எரியும். புது மேனேஜர், பழைய ஐட்டமெல்லாம் பார்த்தாகிவிட்டது, புதிதாக ஒன்று காட்டுங்கள், பிடித்தால் பேசலாம் என்றார்.

செய்முறை இதுதான். மாஸ்டர் ஒருவரிடம் நூறு ரூபாய் நோட்டு வாங்குவார். மடித்து ஊதும் நேரத்தில் அது கோட்டுக்குள் நான் தைத்த பைக்குப் போய்விடும், எங்கள் நோட்டு கைக்கு வரும். எங்கள் நோட்டும் நல்ல நோட்டுதான், ஆனால் நடுவில் பிளேடால் கீறி, நைலான் துணியிலிருந்து உருவிய ஒற்றை இழையின் முடிச்சை உள்ளே வைத்து, மேலே மெல்லிய தாள் ஒட்டியிருப்பேன். இழை தலைமுடியில் கால்வாசி கனம் இருக்காது. மறுநுனி மாஸ்டரின் காதில் இருக்கும், அதில் நோட்டு நிற்கும். இறக்கி மடிக்கும்போது திரும்பவும் மாற்றி, அவருடைய நோட்டையே அவருக்குக் கொடுப்போம்.

பயப் புஸ்தகத்தில் அந்தப் பக்கத்தில் பதினேழு வரி. பதினாறை அடித்துவிட்டோம். பதினேழாவது, 'பனிமூட்டம்'. சிலந்தி வலையில் காலையில் தண்ணீர் கோத்திருப்பதைப் பார்த்துத்தான் எழுதினேன். மாஸ்டர், "சீசன்ல ஏது மூட்டம்? வெரசா அடி, சோலி கெடக்கு" என்று அவரே கோடு போட்டார். வழி கண்டுபிடிக்காமல் அடித்த வரி அது ஒன்றுதான்.

அன்றைக்குச் சன்னலையெல்லாம் நான் மூடினேன். கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். நோட்டு கேட்டபோது மேனேஜர் பையில் கார்டுதான் இருந்தது, ஜேக்கப் ஏப்ரனைத் தட்டிக் காட்டினார். பொன்னுச்சாமி, பூண்டுக் காசாகக் கையில் இருந்த ஒரே நூறு ரூபாயை எடுத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கொடுத்தார். நோட்டு எழும்பியது. அழகாக நின்றது. அப்போது ஜேக்கபுக்கு அடுப்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும், கிச்சன் கதவைத் திறந்து ஒரு எட்டு எட்டிப் பார்த்தார். அந்தக் கதவுக்கு நேர் எதிரே கிச்சனின் பின்கதவு. அதற்கு வெளியே பள்ளத்தாக்கு. மூட்டம் தரையோடு வந்து மேடை ஏறியதை நான் பார்த்தேன். அது பதினேழாவது வரி என்பது மட்டும் மனசில் ஓடியது.

அந்தப் பிள்ளை எழுந்து வந்து மாஸ்டரின் காதுப் பக்கம் விரல் நீட்டியது. "டாடி, இங்க பாருங்க, அங்கிள்மேல ஸ்பைடர் நூல் இருக்கு. குட்டிக் குட்டியா தண்ணி."

இருந்தது. காதிலிருந்து நோட்டு வரைக்கும் பாசிமணி கோத்த மாதிரி. மேனேஜர் சிரித்தார், பொல்லாத சிரிப்பு இல்லை. பொன்னுச்சாமிதான் எங்களுக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டர் இழையை அறுத்து, நோட்டை மடித்து, நேராக அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். கை பழகிய பழக்கம். ஆனால் மாற்றவில்லை. கொடுத்தது எங்கள் நோட்டு. அவருடைய நோட்டு கோட்டுக்குள் என் பையில் இருந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால், நோட்டு மாறியதும் கோட்டுக்குள் பை இருப்பதும் மேனேஜருக்குத் தெரியும். நூல் போய்விட்டது, பையாவது மிஞ்சட்டும் என்று பேசாமல் இருந்தேன். எல்லாவற்றுக்கும் பயந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்கிறவள், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. பொன்னுச்சாமி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மேனேஜர் இன்னும் பத்து நாள் பார்க்கலாம் என்றார். வெளியே வந்ததும் மாஸ்டரிடம் சொன்னேன். கோட்டுக்குள் கை விட்டுப் பார்த்தார்.

"நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே."

'நீங்க' என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கிளாவரை பஸ் புறப்பட்டுப் போய்விட்டிருந்தது. எங்கள் நோட்டை எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள், நடுவில் ஒட்டு. அந்த மனுஷனிடம் சில்லறை இருந்ததா, கண்டக்டர் எங்கே இறக்கிவிட்டார், பூம்பாறை தாண்டி இருட்டில் நடந்தாரா என்று நான் நினைத்ததையெல்லாம் எழுதினால் மலரில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. மாஸ்டர் பொன்னுச்சாமியின் நோட்டைப் பயப் புஸ்தகத்தில் அதே பக்கத்தில் வைத்தார். பதினெட்டாவது வரி ஒன்றை அவர் கையாலேயே எழுதினார்: 'பொன்னுச்சாமி, கிளாவரை, ரூபாய் நூறு.'

அந்தப் பத்து நாளில் ஏழு நாள் வீணாகப் போனது. நூலில் மெழுகு பூசினேன். எண்ணெய் தடவினேன். கரி தேய்த்தேன். ஹீட்டர் இரவல் வாங்கி வைத்தோம், நோட்டு காற்றில் ஆடியது. என்ன செய்தாலும் தண்ணீர் கோத்தது. மூட்டம் இல்லாத நேரத்தில், இஸ்திரி போடுவதற்குத் தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலை வைத்துச் சோதித்தோம்.

எட்டாம் நாள் மாஸ்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கைப் பக்கத்துத் தையலைப் பிரித்து, குண்டூசி குத்தி வைத்திருந்தேன். நோட்டு நின்றது, நான் பீய்ச்சினேன், நூல் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கத்தரியை எடுத்து நூலை வெட்டிவிட்டேன்.

நோட்டு விழவில்லை.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப நீ என்ன பண்ணுன?"

"நூலை வெட்டுனேன் மாஸ்டர்."

"பொறவு ஏன் விழல?"

"தெரியல மாஸ்டர். தெரியாம வெட்டிட்டேன்."

நோட்டின் ஓரம் கைப் பக்கத்துக் குண்டூசியில் மாட்டிக்கொண்டிருந்தது. கையை அசைத்ததும் விழுந்துவிட்டது. அதை எடுக்க நான் குனிந்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மறைக்க முடியலேன்னா காட்டிருவோம் ராணி. அவுகளே வெட்டட்டும்" என்றார்.

பார்க்கிறவன் வீட்டில் போய்ச் சொல்லும் ஒரே வரி மாறிவிட்டது. நூலை வெட்டிய பிறகும் நோட்டு நின்றது. அன்று இரவும் மறுநாளும் நான் கோட்டுக் கையைத் தைத்தேன், பிரித்தேன், தைத்தேன். அங்கே என்ன வைத்தேன் என்பதுதான் மாஸ்டர் எழுதாதே என்றது. அது நூல் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். நாற்பது தடவை, இன்னொரு நாற்பது தடவைக்கெல்லாம் நேரம் இல்லை. அம்மா முன்னால் ஒரே ஒரு தடவை செய்தோம். கோப்பை வழியில் நின்றது. தேத்தண்ணி மடியில் கொட்டியதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

பத்தாம் நாள் மேனேஜர் ஒரு நோட்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். மூட்டம் இல்லை, நான்தான் சின்ன பாட்டிலால் பீய்ச்சினேன். மாஸ்டர் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அன்னைக்கு ஒரு நூல் பாத்தியே, இன்னைக்கு இருக்கா பாரு."

"இருக்கு அங்கிள். தண்ணி தண்ணியா தெரியுது."

"ஏமாத்துறேன்ல? வெட்டிரு."

நூல் நறுக்கும் சின்னக் கத்தரியைக் கொடுத்தேன், நுனியை மழுக்கி வைத்திருந்தேன். பிள்ளை வெட்டியது. நோட்டு நின்றது. பிள்ளை நோட்டுக்கு மேலே கையை வீசிப் பார்த்தது, கீழே வீசிப் பார்த்தது, சுற்றி வந்தது. பிறகு அப்பாவிடம் போய் உட்கார்ந்துகொண்டது. மாஸ்டர் மேனேஜரின் நோட்டை, இந்தத் தடவை அவருடைய நோட்டையே, உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். வணங்கும்போது என்னைப் பார்த்தார். மேனேஜர் கைதட்டவில்லை. சாயந்திரம் ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா, ஆறரைக்கா என்று கேட்டார். அந்தச் சீசனும், அதற்குப் பிறகு பதினோரு சீசனும் எங்களுக்குக் கிடைத்தது.

புது ஐட்டம் எப்படி உண்டாகிறது என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குண்டூசியை எடுக்க மறந்தது நான். எடுத்திருக்க வேண்டும், பயப் புஸ்தகத்தில் அது பதினாலாவது வரி.

பொன்னுச்சாமி அந்த ஹோட்டலுக்குத் திரும்ப வரவில்லை. பூண்டு வேறு ஆள் கொண்டுவந்தார். எங்கள் நோட்டால்தான் என்று எனக்குப் பயம். சீசன் முடிந்ததும் வெள்ளனே கிளம்பி, முதல் பஸ்ஸில் கிளாவரைக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பெயரைச் சொன்னதுமே, "யாரு, பறந்த நோட்டுக்காரரா?" என்று கேட்டார்கள்.

அவர் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியாம், அதனால்தான் டவுனுக்கு வருவதில்லை. என்னை அடையாளம் தெரிந்ததும் உள்ளே போய், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த எங்கள் நோட்டை எடுத்துவந்தார். ரேஷன் கார்டோடு வைத்திருந்தார்.

"கண்டக்டர் வாங்க மாட்டேன்னுட்டான்மா. நடுவுல இளைச்சுக் கெடக்குன்னான். ஏப்பா, அம்புட்டு நேரம் அந்தரத்துல நின்னா இளைக்காதான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே கூட்டிட்டு வந்துட்டான், காசை மறுநாள் குடுத்தேன்."

நான் பையிலிருந்து அவருடைய நோட்டை எடுத்து நீட்டினேன். அது கெட்டுப்போனதற்குப் பதிலாக மாஸ்டர் கொடுத்தனுப்பினார் என்று சொன்னேன். பாதி உண்மை.

"எனக்கு நீங்க எதுக்கு காசு தரணும்? இது எங்கிட்ட இருக்குல்ல."

"கடையில வாங்க மாட்டாங்களே ஐயா."

"கடைக்கு ஏம்மா குடுக்குறேன்? அந்தப் பாப்பா நூலுன்னுச்சு. நூலு இருந்தாலும் நின்னது நின்னதுதானே. பேரன் பேத்தி எல்லாம் தொட்டுப் பாத்துட்டாங்க. இது என் பூண்டுக் காசு."

அது உங்கள் பூண்டுக் காசு இல்லை, இதோ என் கையில் இருப்பதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தச் சீசன் முழுக்கத் தினமும் நோட்டு மாறிக்கொண்டிருந்தது, அடுத்த சீசனிலும் மாற வேண்டும். அதைவிட, அவர் அந்த உறையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் சொல்லவில்லை. நாலு கேரட்டைத் தழையோடு கொடுத்து, பஸ்வரைக்கும் முழங்கால் வலியோடு வந்து ஏற்றிவிட்டார்.

மாஸ்டரிடம் சொன்னபோது பயப் புஸ்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பதினெட்டாவது வரியை அடிக்கலாமா என்று கேட்டேன். "அவர் நோட்டு அவர் கைக்குப் போச்சா?" என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் ஐட்டம் இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டு, நோட்டை அதே பக்கத்தில் வைத்து மூடினார்.

புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. மற்றப் பக்கமெல்லாம் கோடு போட்டாயிற்று. அந்த ஒரு வரி மட்டும் அப்படியே நிற்கிறது: பொன்னுச்சாமி, கிளாவரை, ரூபாய் நூறு.